வீடியோ எடிட் புராஜெக்டை நெட்வொர்க் டிரைவுக்கு மாற்றியதும் டைம்லைன் திக்குகிறது, அவசர உதவி தேவை

டைம்லைன்_தாசன்:
வணக்கம். இவ்வளவு நாளும் புராஜெக்ட் எல்லாம் அவரவர் கணினியிலேயே இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நாஸ் (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஒன்று வாங்கி மொத்தத்தையும் அதற்கு மாற்றினோம். இப்போது டைம்லைன் ரெண்டு நொடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. சேவ் கொடுத்தால் திரையே உறைந்துவிடுகிறது. அதே புராஜெக்டை டெஸ்க்டாப்பில் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

இரவு_ரெண்டர்:
எந்த மென்பொருள்? வயரா, வைஃபையா? என்ன ஃபுட்டேஜ்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கிறீர்கள்? இது எதுவும் தெரியாமல் செட்டிங் என்று எதைச் சொல்வது?

நீலத்திரை:
ஆன்டிவைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். நெட்வொர்க்கிலிருந்து திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அது ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடும். அந்த டிரைவை விலக்குப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்.

ரேக்_ராஜா:
தேடிப் படிக்கிற பழக்கமே போய்விட்டது. இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. வீட்டு நாஸை வைத்துக்கொண்டு 4கே எடிட் பண்ண நினைத்தால் இப்படித்தான். 10 ஜிகாபிட் ஸ்விட்ச், எஸ்எஸ்டி, ஜம்போ ஃபிரேம் 9000 (ஒரே பொட்டலத்தில் 9000 பைட் வரை அனுப்பும் செட்டிங்). இதெல்லாம் முடியாதென்றால் லோக்கல் டிரைவிலேயே வேலை பாருங்கள் தம்பி.

டைம்லைன்_தாசன்:
அடோபி பிரீமியர். வயர்தான். 4கே. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

பிட்டும்_பைட்டும்:
ராஜா சார், பிரச்சினை என்னவென்றே தெரியாமல் ஸ்விட்ச் வாங்கச் சொன்னால் எப்படி? ஜம்போ ஃபிரேமை வழியில் இருக்கிற எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் இருக்கிற வேகமும் போய்விடும்.

தாசன், ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நாஸிலிருந்து ஒரு பெரிய வீடியோ ஃபைலை டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணுங்கள், விண்டோஸ் என்ன வேகம் காட்டுகிறது? அப்புறம், மீடியா கேஷ், அதாவது பிரீமியர் தன் வசதிக்காக எழுதி வைக்கும் துணை ஃபைல்கள், எந்த டிரைவில் இருக்கிறது?

இரவு_ரெண்டர்:
கேஷ் விஷயம் முக்கியம். பிரீமியர் ஒலி அலைவடிவத்துக்காக எழுதும் பெக் போன்ற ஃபைல்கள் குட்டிக் குட்டியாக எக்கச்சக்கம். பெரிய ஃபைல் ஒன்றை நேராகப் படிப்பதை நெட்வொர்க் தாங்கும். குட்டி ஃபைல்களில் ஒவ்வொன்றுக்கும் திற, படி, மூடு என்று போய்ப் போய் வருவதில்தான் நேரம் போகிறது. கேஷ் எப்போதும் அவரவர் கணினியின் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ஃபுட்டேஜும் புராஜெக்ட் ஃபைலும் மட்டும் நாஸில்.

நீலத்திரை:
என்னைக் கேட்டால் நாஸே வேண்டாம். லோக்கலில் வேலை, மாலையில் நாஸுக்கு காப்பி. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

இரவு_ரெண்டர்:
செய்துவிட்டு "ஃபைனல்", "ஃபைனல்_புதுசு", "ஃபைனல்_இதுதான்" என்று மூன்று பிரதிகளில் எது சரி என்று ஆளாளுக்குத் தேடுவீர்கள். தனி ஆளுக்குச் சரி. ஒரே புராஜெக்டில் ரெண்டு பேர் கை வைத்தால் பொது இடம்தான் வேண்டும். பிரீமியரில் 2020இலேயே பலர் சேர்ந்து வேலை செய்யும் வசதியாக புரொடக்‌ஷன்ஸ் வந்தது. ஒருவர் திறந்திருக்கும் புராஜெக்டை மற்றவர் படிக்கலாம், எழுத முடியாது.

நீலத்திரை:
லோக்கலில் ஒரு டிஸ்க் போனால் ஒருவர் வேலைதான் போகும். நாஸ் போனால் எல்லோரும் கை கட்டி உட்கார வேண்டும்.

சும்மா_படிப்பவன்:
அதற்குத்தானே ஒரே தரவைப் பல டிஸ்கில் வைக்கும் ரெய்டு இருக்கிறது? ஒரு டிஸ்க் போனாலும் வேலை ஓடும்.

ரேக்_ராஜா:
வந்துவிட்டார் ரெய்டு வக்கீல். ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழியும். ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் மேப் செய்த (டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்த) நாஸையும் சேர்த்துத்தான் பூட்டும். பேக்கப்புக்கான 3-2-1 விதி கேள்விப்பட்டதுண்டா? 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, 1 வேறு இடத்தில்.

சும்மா_படிப்பவன்:
ரெய்டைப் பேக்கப் என்று நான் எங்கே சொன்னேன்? வேலை ஓடும் என்றுதான் சொன்னேன். மேலே போய்ப் படியுங்கள்.

டைம்லைன்_தாசன்:
காப்பி வேகம் நொடிக்கு 11.2 எம்பி (மெகாபைட்). ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அதிலேயே நிற்கிறது. கேஷ் நாஸில்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள் என்று அதையும் மாற்றினேன்.

பிட்டும்_பைட்டும்:
அப்பாடா. ஏறாமல் இறங்காமல் 11இலேயே நின்றால் உங்கள் இணைப்பு ஜிகாபிட்டில் இல்லை, 100 மெகாபிட்டில் ஓடுகிறது. 8 பிட் ஒரு பைட், 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட், மேல்செலவு போக 11 சொச்சம்தான் கைக்கு வரும். ஜிகாபிட்டாக இருந்தால் 110 பக்கம் வர வேண்டும். பல கேமராக்களின் 4கே கிளிப் ஒன்றே நொடிக்கு 100 மெகாபிட் கேட்கும். ஒரே கிளிப்பில் குழாய் நிரம்பிவிடுகிறது, திக்காமல் என்ன செய்யும்?

பெரும்பாலும் கேபிள்தான். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். அந்த இரண்டைத் தவிர மற்றதில் ஒரு ஜோடி அறுந்திருந்தால் இணைப்பு போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஈதர்நெட் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 100/100 என்றிருந்தால் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் ஏறாவிட்டால் நடுவில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ரேக்_ராஜா:
நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று முதலிலேயே சொன்னேன்.

இரவு_ரெண்டர்:
நீங்கள் சொன்னது 10 ஜிகாபிட் ஸ்விட்ச்.

டைம்லைன்_தாசன்:
100/100 தான் காட்டியது. கேபிள் மாற்றினேன், இப்போது 1000. காப்பி 108 வருகிறது. கேஷையும் சி டிரைவுக்குக் கொண்டுவந்துவிட்டேன், டைம்லைன் ஓடுகிறது. நன்றி. பக்கத்துக் கணினியில் மட்டும் எல்லா கிளிப்பும் மீடியா ஆஃப்லைன் (ஃபைல் கிடைக்கவில்லை) என்கிறது.

பிட்டும்_பைட்டும்:
உங்களுக்கு இசட் டிரைவ், அவருக்கு ஒய் டிரைவ் என்று மேப் ஆகியிருக்கும். புராஜெக்ட் ஃபைல் முழுப் பாதையை நினைவில் வைத்திருக்கும். எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்தாக மாற்றுங்கள்.

இரவு_ரெண்டர்:
பேக்கப் எங்கே எடுக்கிறீர்கள்?

டைம்லைன்_தாசன்:
அதே நாஸில் பேக்கப் என்று தனி ஃபோல்டர் இருக்கிறது. சரி, வேலையை முடிக்கப் போகிறேன்.

சும்மா_படிப்பவன்:
ராஜா சார், உங்களுக்குத்தான் அழைப்பு.

ரேக்_ராஜா:
தம்பி, வேலை முடிந்ததும் பேக்கப்புக்குத் தனி இழை (புதுக் கேள்வி) போடுங்கள். போடும் முன் தேடிப் படியுங்கள்.