மறுமொழி: ‘அதிர்ச்சி சிகிச்சை’க்கு மாற்றுச் சொல் – அதிர்ப்பா, அதிர்வூட்டலா?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

கருவியால் தசையை அதிர வைக்கும் ‘வைப்ரேஷன் தெரபி’க்கு, பிசியோவில் நோயாளிக்குக் கொடுக்கும் துண்டைத் திருத்தி அச்சடிப்பதற்காக, போன கிழமை ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அதற்காக இத்தனை பேர் மினக்கெட்டு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிக்கிவிடும். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததை ஒருக்கால் திரும்பச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, திருக்கடலூரில் கரைவலைச் சம்மாட்டியாக (கரையிலிருந்து இழுக்கும் மீன்வலையின் சொந்தக்காரராக) இருந்தவர். அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது (தமிழ்நாட்டு நண்பர்கள் பக்கவாதம் என்று வாசிக்கவும்). கால் ஓரளவு தேறிவிட்டது. கைதான் மணிக்கட்டில் உள்ளே மடிந்து, விரல்கள் இறுகிப் போய்க் கிடந்தது. பிசியோவுக்குக் கூட்டிப்போன இடத்தில் மும்மொழியிலும் அச்சடித்த ஒரு துண்டைக் கொடுத்தார்கள். தமிழில் ‘அதிர்ச்சி சிகிச்சை – வியாழன் காலை 9.00’ என்றிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டு வாசித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஓட்டோவில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. படலையடியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

“என்ன மருமகன், எனக்குக் கரண்ட் பிடிக்கப் போறாங்களோ?”

அந்த வியாழன் அவர் வரவில்லை, அடுத்த வியாழனும் வரவில்லை. கரண்ட் இல்லை, போன் அதிருமே அதுபோல ஒன்று என்று நான் சொல்லிப் பார்த்தேன். “அச்சிலே இருக்கிறது பொய்யோ?” என்று கேட்டார். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. மூன்றாம் வியாழன் மாமிதான் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தார்.

சரி, இனி உங்கள் மடல்கள்.

> அதிர்வலைச் சிகிச்சை என்று வைத்தால் கேட்கவும் நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் உண்டு. உடலுக்கு வெளியிலிருந்து அழுத்த அலையைத் தட்டித் தட்டி உள்ளே அனுப்பும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதல் மனிதரில் செய்தார்கள். இப்போது குதிக்கால் வலிக்கும் அதையே கொடுக்கிறார்கள். அதற்குத்தான் அதிர்வலை பொருந்தும். இரண்டும் ஒரே பிசியோ அறையில் அடுத்தடுத்த மேசையில் இருக்கக்கூடிய கருவிகள். பெயர் மாறினால் ஆளும் மாறிப் படுப்பார்.

> சிங்களத்தில் கம்பன என்கிறார்கள். மும்மொழிப் பலகையில் ஒத்துப்போகும்படி நாமும் கம்பனச் சிகிச்சை என்றால் என்ன?

வடமொழி என்பதற்காக நான் மறுக்கவில்லை, சிகிச்சையே வடமொழிதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் இதைக் கம்பனிச் சிகிச்சை என்றுதான் வாசிப்பார்கள். எந்தக் கம்பனி, எவ்வளவு காசு என்று அடுத்த கேள்வி வரும்.

> வைப்ரேஷன் தெரபி என்றே விட்டுவிடலாமே, எல்லாருக்கும் விளங்குமே.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். ஸ்லாப் போட வந்த கிண்ணியா மேசனிடம் சொன்னேன். “கொங்கிறீற்றுக்கு விடுற வைப்ரேற்றரையா சேர் மனுசருக்கும் விடுறாங்க?” என்று சிரித்தார். சிரித்தாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கொங்கிறீற்றுக்குள் வைப்ரேற்றரை அளவாக விட்டால் காற்றுக் குமிழி வெளியேறிக் கலவை இறுகும். கூட விட்டால் கல் அடியிலும் சிமெந்துப் பால் மேலேயுமாகப் பிரிந்துவிடும். அளவு தெரிந்த கை வேண்டும். உடம்பிலும் கணக்கு அதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மாமாவின் மூன்றாம் வியாழனுக்குப் போவோம். பெயரைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அங்கே கண்ணால் கண்டதிலிருந்து வந்ததுதான்.

பிசியோ செய்பவர் ஒரு இளம் பிள்ளை, கெட்டிக்காரி. நோயுள்ள கையைத் தொடமுதல் நல்ல கையை எடுத்தார். முழங்கையை மேசையில் ஊன்றச் செய்து, மேற்கையின் முன்தசை முழங்கை மடிப்பில் நாணாக (தசையை எலும்போடு கட்டும் கயிறாக) வந்து இறங்கும் இடத்தில் கருவியின் உருண்டைத் தலையை வைத்தார். “ஐயா, கண்ணை மூடுங்கோ. கை என்ன செய்யுதென்று சொல்லுங்கோ.” நூறு ஹேர்ட்ஸ் அளவில், அதாவது செக்கனுக்கு நூறு அதிர்வு, ஓடவிட்டு, முன்னங்கை அசையாமல் மெல்லப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மாமா, “நீளுது... கை நீளுது” என்றார். கை அசையவே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “சூனியம் மாதிரியெல்லோ இருக்கு” என்றார்.

இது சூனியமில்லை. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு தசைக்குள்ளும் நீட்சி உணரிகள் இருக்கின்றன. நாணை விரைவாக அதிர வைத்தால் ஒவ்வொரு அதிர்வையும் அவை ஒரு சிறு இழுவையாக எண்ணி, ‘நீள்கிறது, நீள்கிறது’ என்று மூளைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். மூளை நம்பிவிடுகிறது. 1972இல் ஆக்ஸ்போர்டில் குட்வின், மக்லோஸ்கி, மத்யூஸ் என்ற மூவர் இதை விளக்கி எழுதினார்கள். அதற்கு முன்பே 1966இல் சுவீடனில் எக்லுண்டும் ஹாக்பார்த்தும் மற்றொன்றைக் காட்டியிருந்தார்கள். அப்படி அதிர வைத்த தசை தன்பாட்டில் மெல்லச் சுருங்கும், அதற்கு எதிர்த் தசை தளரும்.

மாமாவின் வலக்கைக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். விரலை மடக்கும் தசைகள் இறுகிக் கிடக்கின்றன. பிள்ளை கருவியை அவற்றில் வைக்கவில்லை, முன்னங்கையின் புறப்பக்கத்தில், விரலை விரிக்கும் தசையின் மேல் வைத்தார். சில நிமிடங்களில் பெருவிரல் உள்ளங்கையை விட்டு வெளியே வந்தது. அந்தத் தளர்வு நிலைக்காது, கொஞ்ச நேரத்தில் பழையபடி இறுகும். அதற்குள் பயிற்சியைச் செய்துவிட வேண்டும். அதிர்வு கதவைத் திறந்துவிடும், உள்ளே போகிற வேலை பயிற்சியினுடையது என்று அந்தப் பிள்ளை சொன்னார்.

அந்த வேளையில்தான் எனக்கு ‘அதிர்ப்பு’ தோன்றியது. மாமாவின் கை தானாக அதிரவில்லை, அதை ஒருவர் அதிரச் செய்கிறார். அதிர்வு தன்வினைப் பெயர். நிலம் அதிர்கிறது, பறை அதிர்கிறது, ஆள் வேண்டியதில்லை. அதிர்ச்சி மனத்துக்குப் போய்விட்டது, மிச்சமிருப்பது மின்சாரத்துக்குப் போய்விட்டது. உதிர் – உதிர்ப்பு, தளர் – தளர்ப்பு என்கிற வழியில் அதிர் – அதிர்ப்பு. சின்னச் சொல், இலக்கணம் சுத்தம். இன்னொரு வசதியும் இருந்தது. அதிர்வினால் கெட்ட கைகளுக்கு அதிர்வு என்ற சொல்லை விட்டுவிடலாம். அமெரிக்காவின் இந்தியானாவில், பெட்ஃபர்ட் என்ற ஊரில், காற்றுச் சுத்தியலால் சுண்ணக்கல் வெட்டியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போவதை அலிஸ் ஹமில்டன் என்ற வைத்தியர் 1918இலேயே ஆராய்ந்து எழுதினார். தம்பலகாமத்தில் நாள் முழுக்க லாண்ட்மாஸ்டர் (இரு சக்கரக் கை உழவு இயந்திரம்) பிடிப்பவர்களைக் கேளுங்கள், இரவில் விரல் விறைக்கிறது என்பார்கள். அதெல்லாம் அதிர்வு, அளந்து கொடுப்பது அதிர்ப்பு. இவ்வளவு யோசித்து, ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி, பெருமையோடு பிசியோ வாசலில் இருந்தவர்களிடம் காட்டினேன்.

முதலில் பார்த்த அம்மா மூதூரிலிருந்து வந்தவர். “எதிர்ப்புச் சிகிச்சையா? எதற்கு எதிர்ப்பு?” என்றார். எழுத்துப் பிழை என்று நினைத்து எனக்குத் திருத்தியும் தந்தார். அடுத்தவரும் எதிர்ப்பு என்றே வாசித்தார். மாமா வாசிக்கவேயில்லை. “அந்த அதிர்ச்சியைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறாய்” என்றார்.

ஆகவே கோயம்புத்தூர் நண்பர் முன்வைத்த ‘அதிர்வூட்டல்’ பக்கம் வந்துவிட்டேன். முதல் மடலில் அதை நீளம் என்று தள்ளியது நான்தான், மன்னிக்கவும். குளிரூட்டல், உணவூட்டல் எல்லாம் வாயில் பழகிய சொற்கள். ஊட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அளவு இருக்கிறது என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. குழந்தைக்கு அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் கக்கிவிடும் என்பதும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூதூர் அம்மா தடங்கலில்லாமல் வாசித்தார். கருவியை அதிர்வூட்டி என்றால் போதும். அதிர்ப்பின் மேல் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது, அது என் சொந்த விவகாரம்.

அளவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நின்றுகொண்டு செய்யும் மேடை வகை இருக்கிறதே, முழு உடலையும் அதிர வைப்பது, அதைப் பெரும்பாலும் 20 முதல் 50 ஹேர்ட்ஸ் வரை ஓட்டுகிறார்கள். வீச்சம் (நடுவிலிருந்து ஒரு பக்கம் அசையும் தூரம்) சில மில்லிமீற்றர்தான். சின்ன அசைவென்று நினைப்போம். 30 ஹேர்ட்ஸ், 2 மில்லிமீற்றர் வீச்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உச்ச ஆர்முடுகல் (தமிழ்நாட்டில் முடுக்கம்) புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்குக்கு வரும். அதனால்தான் முழங்காலை மடித்து நிற்கச் சொல்வது. நிமிர்ந்து நின்றால் அது நேராகத் தலைக்கு ஏறும். கர்ப்பிணிகள், இதயமுடுக்கி வைத்தவர்கள், கால் நாளத்தில் இரத்தம் உறைந்தவர்கள், எலும்பு முறிந்து ஆறாதவர்கள் ஏறக்கூடாது. துண்டில் பெயருக்குக் கீழே இது கொட்டை எழுத்தில் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

> இதெல்லாம் உண்மையில் பலன் தருமா, சொல் தேடுமுன் அதைச் சொல்லுங்கள்.

நியாயமான கேள்வி. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் செம்மறியாடுகளை ஒரு வருடம், தினமும் 20 நிமிடம், மிக மெல்லிய அதிர்வில் நிற்க வைத்தார்கள். தொடை எலும்பின் உட்பகுதி 34 சதவீதம் அடர்த்தி கூடியது. உலகமே துள்ளியது. மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து அதே மெல்லிய அதிர்வை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டபோது எலும்பில் ஒரு மாற்றமும் இல்லை. நடுக்குவாதக் (பார்க்கின்சன் நோய்) கதை இன்னும் பழையது. பாரிஸில் ஷார்கோ என்ற பெரிய வைத்தியர், நீண்ட ரயில் பயணம், குதிரை வண்டிப் பயணம் முடித்துவந்த நடுக்குவாதக்காரர்கள் உடம்பு இலேசாக இருப்பதாகச் சொல்வதைக் கவனித்து, அதிரும் நாற்காலி ஒன்று செய்வித்து 1892இல் அதைப் பற்றி விரிவுரையும் நடத்தினார். (கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலை வந்து இறங்குகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.) 2012இல் அமெரிக்காவில் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதிராத நாற்காலியில் இருந்தவர்களும் அதே அளவு தேறினார்கள். ஆக, எல்லாவற்றுக்கும் மருந்து என்று விற்பவரை நம்ப வேண்டாம். இறுகிய கையைக் கொஞ்ச நேரம் தளர்த்தித் தரும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மிச்சச் சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மேடை வகைக்கு ‘முழுவுடல் அதிர்வூட்டல்’. ஓரிடத்தில் வைப்பதற்கு ‘குவிய அதிர்வூட்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது வில்லைப் (லென்ஸ்) பாடம்போல் இருக்கிறது. ‘தசை அதிர்வூட்டல்’ போதும். அதிர்வெண்ணுக்கு எங்கள் பாடசாலைச் சொல்லான மீடிறன் பற்றி யாழ்ப்பாணத்து அக்காவும் சென்னை நண்பரும் ஐந்து மடல் சண்டை போட்டிருக்கிறீர்கள். மீள் + திறன் = மீடிறன் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியவன் நான், அந்தச் சொல்லை விட மனம் வராது. ஆனால் நோயாளியின் துண்டில், அதிர்வூட்டலுக்குப் பக்கத்தில், அதிர்வெண் தானாக விளங்குகிறது. பாடசாலையில் மீடிறன் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். துண்டின் தலைப்பில் ‘புனர்வாழ்வு’ போடச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அகராதிப்படி சரி. ஆனால் 2009இல் போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்களுக்கு அந்தப் பெயர்தான். அதனால் வடக்கிலும் கிழக்கிலும் அந்தச் சொல்லுக்கு முள்வேலி உண்டு. “அவன் புனர்வாழ்வுக்குப் போய் வந்தவன்” என்றால் என்ன பொருள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கை வழங்காத ஒருவருக்கு அந்தச் சொல்லை அச்சடித்துக் கொடுக்க என்னால் முடியாது. ‘மறுவாழ்வு’ என்று தமிழ்நாட்டில் சொல்வது குடியை விட்டவர்கள் நினைவைத் தருகிறது. ‘உடலியக்க மீட்சி’ என்று போட்டிருக்கிறேன்.

அச்சகக்காரர் வெள்ளிக்கிழமை கேட்கிறார். கடைசியாக ஒன்றுதான் முடிவாகவில்லை, மேடைக் கருவிக்கு அதிர்மேடையா, அதிர்பலகையா? இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது. மேடை என்றால் ஏறிப் பேச வேண்டும்போல இருக்கிறதாம் மாமாவுக்கு. வள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் கால் வைக்கும் பலகை இப்படித்தான் அதிரும், பலகை என்று போடு என்கிறார். ஆட்சேபம் உள்ளவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். வியாழன் காலையில் எழுத வேண்டாம், மாமாவோடு பிசியோவில் இருப்பேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து, பழைய பௌதிகவியல் வாத்தியார்