பின் சக்கர டிரம் கழன்று வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2014ஆம் வருட ஹேட்ச்பேக் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியது. பின்னால் டிரம் பிரேக். ஒரு மாதமாக ஹேண்ட்பிரேக்கை ஒன்பது, பத்துப் பல் இழுத்தால்தான் பிடிக்கிறது. சரி, நாமே பார்க்கலாம் என்று முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்திக் கழற்றினேன்.

இடது டிரம் எளிதாக வந்தது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவில் லைனிங் (உராயும் பட்டை) ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைவிடக் கவலை, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கியதும் பிரேக் ஆயில் கசிந்தது.

வலது பக்கம்தான் சிக்கல். ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கேபிளையும் தளர்த்திவிட்டேன். டிரம்மில் இருக்கும் இரண்டு மரை ஓட்டைகளிலும் போல்ட் ஏற்றி மாறி மாறி முறுக்கினேன். அரை சென்டிமீட்டர் வெளியே வந்து நின்றுவிட்டது. டிரம்மின் தேயாத விளிம்பில் ஷூ மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பின் தகட்டு (பேக் பிளேட்) ஓட்டை வழியாக, ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைச் சுருக்கப் பார்த்தேன், பல்சக்கரம் ஒரு பக்கம்தான் திரும்புகிறது. அதைத் தடுக்கும் லீவரை இன்னொரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பிடிக்க வேண்டுமா? சுத்தியலால் தட்டினால் பேக் பிளேட் வளைந்துவிடுமோ என்று பயம்.

அப்புறம், ஷூவை இரண்டு பக்கமும் மாற்றப் போகிறேன். சிலிண்டரையும் இரண்டு பக்கமும் மாற்றுவதா, கசிவது மட்டும் போதுமா? வியாழக்கிழமை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பிரேக் சரியாகாமல் வண்டியை எடுக்க மாட்டேன். கையால் செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.