“உன் மெசினே சொல்லுதே”: தோட்டத்தில் காற்றுமானி வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மல்பெரிக்காரன், பாலக்கோடு

வேகத்துக்கு மூன்று கப், திசைக்கு வால் வைத்த அம்பு, அளவைப் பெட்டிக்குக் கொண்டுபோக ஆர்எஸ்485 வயர், போனில் பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி வரி. எல்லோரும் வைத்திருப்பதுதான், விளக்க ஒன்றுமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு வடக்கே சித்தப்பாவின் தக்காளி. நடுவில் ஒரு வரப்புதான். தை மாதம், காலை ஏழு மணி வாக்கில் அவர் பவர் ஸ்ப்ரேயர் போட்டிருக்கிறார். நான் ஊரில் இல்லை. வீட்டில் அன்று சாயங்காலம் அந்த ஓரத்து மல்பெரி இலையை வெட்டிப் பட்டுப்புழுவுக்குப் போட்டுவிட்டார்கள். நாலாம் தோலுரிப்பு தாண்டிய புழு, வாங்கி வாங்கித் தின்னும் நேரம். மறுநாள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது, பச்சையாகக் கக்கியது, உடம்பு சுருங்கிப் போனது. பட்டு வளர்க்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரி அங்காடிக்குக் கூடாகப் போயிருக்க வேண்டியது, குழிக்குப் போனது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்தோம். என்னிடம்தான் ஆதாரம் இருக்கிறதே என்று போனை நீட்டினேன். அந்த நாற்பது நிமிடத்து வரிகள், வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்ற டிகிரிக் கணக்கில் காற்று வந்த திசை: 178, 231, 143, 196. பக்கத்தில் தமிழிலேயே ‘தெற்கு’, ‘தென்மேற்கு’ என்று வேறு போட்டிருக்கிறான். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் விரலை வைத்து, “உன் மெசினே சொல்லுதே, தெக்கத்திக் காத்துன்னு. தெக்கேருந்து அடிச்சா என் மருந்து உன் எலைக்கு எப்படிடா வரும்?” என்றார். யாரும் பேசவில்லை.

தை மாதக் காலையில் இந்தப் பக்கம் வாடைதான் அடிக்கும். அது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ரோஜாக்குடில், தளி ரோடு

மல்பெரி அண்ணா, உங்கள் கதை வேறு, என்னுடையது வேறு. ஆனால் இரண்டிலும் வில்லன் அந்தப் பத்து நிமிடக் கணக்குதான் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய செடிக்கூடத்தில், காற்று மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் பக்கவாட்டு கர்ட்டன் தானாக மூட வேண்டும். சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று வருமே, அது வந்தது. நான் பேனல் முன்னாலேயே நிற்கிறேன். திரையில் 14. வெளியே சில்வர் ஓக் மரம் வளைகிறது. திரையில் 14தான். மேலே ஷீட் பூரி மாதிரி உப்பியது, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது, 200 மைக்ரான் ஷீட் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து படபடவென்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் கர்ட்டன் மோட்டார் ‘உர்ர்ர்’ என்று கிளம்பியது. நிதானமாக மூடியது.

விற்றவரைக் கூப்பிட்டால் சென்சார் சரியாகத்தான் இருக்கிறது என்றார். இருந்தது, அதுதான் எரிச்சல். கண்ட்ரோலர்தான் சராசரியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. உலக வானிலை அமைப்பு வன்காற்றை 3 விநாடிச் சராசரியாக அளக்கச் சொல்கிறது. ஷீட்டைக் கிழிப்பது அந்த 3 விநாடிதான். காற்று வேகம் இரண்டு மடங்கானால் ஷீட் மேல் விழும் அழுத்தம் நாலு மடங்கு. இதைச் சொல்லிப் பார்த்தேன், “சாப்ட்வேர் டீமிடம் கேட்கிறேன் சார்” என்றார். கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மொட்டைமாடி, பென்னாகரம்

இவ்வளவு சீரியஸாகப் போகிறதே. என்னுடையது சின்னது.

இலை அசையாத ஒரு மத்தியானம். போனில் 58 கிலோமீட்டர். அடுத்த வரி 12. அடுத்தது 61. மாடிக்கு ஓடினேன். கம்பத்தில் ஒரு குரங்கு, ஒரு கையால் தொங்கிக்கொண்டு, இன்னொரு கையால் கப்பைச் சுண்டிச் சுண்டிச் சுற்றிவிடுகிறது. வேகம் குறைந்தால் மறுபடி சுண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தது, நிறுத்தவில்லை.

போன வருஷத்து அதிகபட்சக் காற்று வேகம் இன்றுவரை அந்தக் குரங்குடையதுதான். ஆப்பில் ஒரு வரியை மட்டும் அழிக்க வழியே இல்லை.

வயர்மேன், காரிமங்கலம்

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் மாட்டிக் கொடுத்தேன். ஆடியில் தென்மேற்கைப் பார்த்த அம்பு, ஐப்பசி வந்தும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றது. பேரிங் முழுக்கக் கல்மாவு. மேனேஜர் கீழே நின்று, “காத்து மாறலியாப்பா இன்னும்?” என்று கேட்டார், நிஜமாகவே. என் கதை அவ்வளவுதான்.

இப்போது பாலக்கோடு தம்பிக்கு. 178 என்று வந்ததல்லவா? வடக்குக் குறியைத் தெற்கே திருப்பி மாட்டியிருப்பார்கள். வாடை அடித்தால் தெற்கு என்றுதான் காட்டும். சென்சார் உடம்பில் ஒரு குறி இருக்கும், அது வடக்கைப் பார்க்க வேண்டும். நிறைய பேர் அதை வீட்டுச் சுவருக்கு நேராக வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். போன் காம்பஸை இரும்புக் கம்பத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்காதீர்கள், எங்கேயோ காட்டும். நம் பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம், அதை விட்டுவிடலாம், கம்பத்து இரும்பை விட முடியாது.

துருவ நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். நாம் இருப்பது 12 டிகிரி அட்சரேகை, அதனால் அதுவும் அடிவானத்துக்கு மேலே 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு மலை இருந்தால் போச்சு. நிழல்தான் நல்லது. தூக்குக்குண்டு கட்டி ஒரு குச்சியை நேராக நடுங்கள். பகல் 12 மணி 20 நிமிட வாக்கில் நிழல் மிகக் குட்டையாகும், அந்தக் கோடு வடக்கு தெற்கு. கடிகாரத்தை நம்பாமல் குட்டை நிழலையே குறித்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் ஆகும். இன்னொன்று, ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், மத்தியான நிழல் தெற்கே விழும். அப்போது நிழல் போகும் பக்கம் வடக்கு என்று வைத்தால் உங்கள் கேஸ்தான்.

அப்புறம் வயர். அதில் ஏ, பி என்ற இரண்டு கம்பியும் இடம் மாறினால் சென்சார் கெடாது, பேசாது, அவ்வளவுதான். கெட்டுவிட்டது என்று கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். நீள வயர் என்றால் கடைசியில் 120 ஓம் ரெசிஸ்டர். வயரைச் சுற்றியிருக்கும் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். கம்பத்துக்குத் தனி எர்த் வேண்டும், இடி சீசனில் தோட்டத்திலேயே உயரமான இரும்பு அதுதான். கம்பம் 10 மீட்டர், பக்கத்து மரமோ வீடோ எவ்வளவு உயரமோ அதைப் போலப் பத்து மடங்கு தள்ளி. இது வானிலைத் துறை பார்க்கும் கணக்கு.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

வயர்மேன் தம்பி, மருந்து அடிக்கிறவனுக்கு 10 மீட்டர் உயரத்துக் காற்று எதற்கு? தக்காளி இடுப்பளவு, மல்பெரி ஆளுயரம். 10 மீட்டர் என்பது ஊருக்கு ஊர் ஒப்பிட வைத்த கணக்கு. பயிரிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று கணக்குப் போடும் முறையே 2 மீட்டர் உயரத்துக் காற்றைத்தான் கேட்கிறது. பத்து மடங்கு தள்ளி வைக்க வேண்டுமென்றால் தென்னைக்கு எங்கே போவது, என் நிலம் தாண்டி அடுத்தவன் நிலத்தில்தான் கம்பம் நட வேண்டும்.

எங்கள் தோப்பில் பிஞ்சு கொட்டிய ராத்திரி எத்தனை கிலோமீட்டர் அடித்தது என்று தெரிந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் கூடையை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

திசை தெரிய ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாருங்கள். ஆனால் ஒரு விஷயம், அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. காற்றே இல்லை, நல்ல நேரம் என்று விடியற்காலையில் அடிக்கிறார்களே, அதுதான் மோசம். பனிக்காலத்தில் தரை குளிர்ந்து மேலே சூடாக இருக்கும்போது நுண்ணிய துளி கீழே இறங்காது, மேலேயும் போகாது, மிதந்தபடி நகரும். எங்கே போய்ப் படியும் என்று அடித்தவனுக்கே தெரியாது. மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் அடிக்காதே, 15க்கு மேலே போனாலும் அடிக்காதே என்பது வெளிநாடுகளில் பலர் வைத்திருக்கும் கணக்கு. அந்த அளவுக்குக் காற்று செத்திருந்தால் அம்பும் திரும்பாது, கடைசியாக எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். பாலக்கோட்டில் அதுதான் நடந்திருக்கும்.

மல்பெரிக்காரன், பாலக்கோடு

வயர்மேன் அண்ணா, குறி சரியாகத்தான் இருக்கிறது. ஆடி முழுக்க 240, 250 என்று ஒழுங்காகத் தென்மேற்கைக் காட்டியது. திருப்பி மாட்டியிருந்தால் வடகிழக்கு அல்லவா காட்டியிருக்கும்?

மாந்தோப்பு ஐயா, அந்த நேரத்து வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் பக்கம் இருக்கிறது. அம்பு நின்றிருக்காது. நின்றிருந்தால் நாலு வரியிலும் ஒரே எண் வந்திருக்கும். இங்கே 231, அடுத்தது 143.

கணக்குவாத்தியார், அரூர்

அந்த நாலு எண்ணே போதும். நிஜமான தெற்குக் காற்று மிதமான காலையில் பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடம் இப்படி 90 டிகிரி தாவாது.

வாடை அடிக்கும்போது அம்பு ஒரே இடத்தில் நிற்காது. 345க்கும் 15க்கும் நடுவே ஆடும். இரண்டுமே வடக்குதான், நடுவில் 0. ஆனால் உங்கள் பெட்டி எண்களைக் கூட்டி வகுக்கிறது. 345ம் 15ம் சேர்ந்தால் 360, பாதி 180. தெற்கு! பத்து நிமிடத்தில் அம்பு சரிபாதி நேரம் இந்தப் பக்கம், சரிபாதி அந்தப் பக்கம் இருந்தால் 180. நூற்றுக்கு அறுபது பங்கு மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தால் 213. நாற்பது பங்கு என்றால் 147. உங்கள் 231, 143, 196 எல்லாம் இந்தக் கணக்குக்குள் அப்படியே உட்கார்கிறது. ஆடியில் ஏன் சரியாக வந்தது? 240க்கும் 260க்கும் சராசரி 250தான், அங்கே தாண்ட வேண்டிய 0 இல்லை.

சரியான முறை, ஒவ்வொரு அளவையும் வடக்கு தெற்குப் பங்கு, கிழக்கு மேற்குப் பங்கு என்று சைன் கோசைன் போட்டுப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே சராசரி எடுத்து, மறுபடி கோணமாக்குவது. பிளஸ் டூ கணக்குதான். காசு வாங்கி விற்கிற பெட்டியில் அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அம்புக்குள் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம்) இருக்கிற ரகமாக இருந்தால் வடக்கில் சில டிகிரி குருட்டு இடைவெளியும் இருக்கும், அங்கே அது தன் இஷ்டத்துக்கு ஏதாவது காட்டும்.

ரோஜாக்குடில் சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பத்து நிமிடச் சராசரி எடுப்பதில் குற்றமில்லை. உங்களிடம் சராசரியை வைத்துக் கர்ட்டனை ஓட்டியது தப்பு, இவரிடம் சராசரி எடுத்த விதமே தப்பு. இரண்டும் ஒன்றல்ல.

ரோஜாக்குடில், தளி ரோடு

சரி சார். ஷீட் கிழிந்தது கிழிந்ததுதானே.

மல்பெரிக்காரன், பாலக்கோடு

வாத்தியார் சார், இப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் பெட்டியில் சராசரி எடுப்பதற்கு முந்தைய அளவுகள் சேமிக்கவில்லை, பத்து நிமிட வரி மட்டும்தான். சித்தப்பாவிடம் போய் சைன் கோசைன் என்றால், “தோத்துட்டு வந்து கணக்குச் சொல்றியா” என்பார்.

வயர்மேன், காரிமங்கலம்

சரி, குறி சரியென்றால் சரி. வாத்தியார் சொல்வதுதான்.

இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, சென்சாரைக் கழற்றாமல் வடக்குக் குறியை வேறு பக்கம் திருப்புங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தென்மேற்கு, இல்லையென்றால் வடக்கும் வடகிழக்கும். தென்கிழக்கிலிருந்து வருவது குறைவு. குறியைத் தென்கிழக்கே, 135 டிகிரியில் வைத்துவிட்டால் அந்த 0 அங்கே போய்விடும். அப்புறம் பெட்டியில் வரும் எண்ணோடு 135 கூட்டிக்கொள்ள வேண்டும், 360ஐத் தாண்டினால் 360ஐக் கழிக்க வேண்டும். சில பெட்டியில் இதற்கென்றே ஆஃப்செட் இருக்கும். அதைச் சராசரி எடுத்த பிறகு கூட்டுகிறதா, முன்னாலேயே கூட்டுகிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். முன்னாலேயே என்றால் பிரயோஜனமில்லை, பெட்டியில் ஆஃப்செட்டை 0 என்று வைத்துவிட்டு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திருப்புவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கம்பத்தை இறக்கி, வயரைக் கழற்றாமல், சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வையுங்கள். குறி வடக்கே. ஒருவர் கப்பை மெதுவாகச் சுற்றட்டும். அம்பைச் சித்தப்பா கையிலேயே கொடுத்து, வடக்குப் பக்கமே இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் பத்து நிமிடம் ஆட்டச் சொல்லுங்கள். போனையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மல்பெரிக்காரன், பாலக்கோடு

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். அன்று உட்கார்ந்த பெரியவர்களில் இரண்டு பேரையாவது டீக்கு வரச்சொல்ல வேண்டும். வயர் திண்ணைவரை எட்டாது, இருபது மீட்டர் கேபிள் வாங்கினால் போதுமா?

வயர்மேன், காரிமங்கலம்

அளந்து வாங்கு. ட்விஸ்டட் பேர், அதாவது இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கியது, என்று கேள். ஏ, பி மாறாமல் பார்த்துக்கொள்.