ஃபேவரிட்டை நம்பிய பந்தயங்கள், நம்பாமல் விட்ட பந்தயங்கள்

பெரிய குதிரைப் பந்தயங்களில் ஃபேவரிட்டை, அதாவது அதிகப் பணம் கட்டப்படுகிற குதிரையைத் தேர்ந்தெடுத்த கதையை எங்கள் எல்லோரிடமும் கேட்டிருந்தீர்கள். நான் பணம் கட்டுகிற ஆள் இல்லை. ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் எந்தக் குதிரை, என்ன காரணம் என்று நாலு வரி எழுதி வைப்பேன். முடிந்த பிறகு அதன் அடியில் நடந்ததை எழுதுவேன். இப்படிச் செய்தால் பின்னாலிருந்து "நான் அப்பவே நினைத்தேன்" என்று சொல்லவே முடியாது.

அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகள் ஓடும் கென்டக்கி டெர்பிக்கு 2018-இல் எழுதியது இன்னும் இருக்கிறது. "ஜஸ்டிஃபை வேண்டாம். இரண்டு வயதில் ஓடாத குதிரை டெர்பியில் ஜெயித்து 136 வருஷம் ஆகிறது." 1882-இல் அப்பல்லோ ஜெயித்ததுதான் கடைசி. ஜஸ்டிஃபை முதன்முதலாக ஓடியதே அந்த வருஷம் பிப்ரவரியில். டெர்பிக்கு முன் மொத்தம் மூன்றே பந்தயம். அதனால் கூட்டமே நம்பிய குதிரையை ஒதுக்கிவிட்டு மெண்டல்சனைத் தேர்ந்தெடுத்தேன். துபாயில் 18½ லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்து வந்த குதிரை, யாருக்குத்தான் ஆசை வராது! மழையில் தடம் சேறாகிக் கிடந்தது. கேட் திறந்ததுமே மெண்டல்சனை மற்ற குதிரைகள் இடித்துவிட்டன. அப்புறம் முன்னால் போகிற குதிரைகள் வாரி இறைத்த சேறு முழுக்க அதன் முகத்தில். இருபதில் இருபதாவது. ஜஸ்டிஃபை ஆரம்ப வேகத்தோடு ஒட்டியே ஓடி, சேறு படாமல், 2½ லெங்த்தில் ஜெயித்தது.

136 வருஷக் கணக்கை நம்பினேனே தவிர, டெர்பிக்கு முன் ஜஸ்டிஃபை ஜெயித்த, கண்ணெதிரே இருந்த சான்டா அனிடா டெர்பியை நான் சரியாகப் பார்க்கவில்லை. அதில் போல்ட் டோரோ மாதிரி ஒரு பலமான குதிரையை அது நிதானமாகத் தள்ளி வைத்திருந்தது.

சரி, பாடம் கற்றாயிற்று என்று 2022-இல் ஃபேவரிட்டையே எழுதினேன்: எபிசென்டர். காரணம் இதுதான்: முன்னால் பாய்கிற குதிரைகள் நிறைய இருக்கின்றன, வேகம் தாங்காமல் அவை சரியும், எபிசென்டர் கொஞ்சம் பின்னால் காத்திருந்து பிடிக்கும். ஆரம்பம் நான் எழுதியதைவிடக் கடுமையாகப் போனது. முதல் கால் மைலை சம்மர் இஸ் டுமாரோ 21.78 விநாடியில் ஓடியது. டெர்பி வரலாற்றிலேயே மிக வேகமான தொடக்கம். முன்னால் போனவை சரிந்தன. எபிசென்டர் வந்தது, பக்கத்தில் ஸாண்டன் வந்தது. இரண்டும் போட்டி போட்டதை நான் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உள்வேலியை ஒட்டி இன்னொரு குதிரை வந்ததை என் கண் பார்க்கவே இல்லை.

ஜெயித்தது அதுதான், ரிச் ஸ்ட்ரைக். 80-க்கு 1, அதாவது ஒரு ரூபாய் கட்டியவருக்கு 80 ரூபாய் லாபம். வேறொரு குதிரை விலகியதால் முந்தின நாள், வெள்ளிக்கிழமைதான் அதற்கு இடமே கிடைத்தது. என் நோட்டில் அந்தப் பெயரே இல்லை.

அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என் காரணம் தப்பில்லை. முன்வேகம் சரிந்தால் பின்னால் இருப்பதற்கு லாபம் என்று எழுதினேன். அதைவிடவும் பின்னால் இருந்த குதிரைக்கு அதைவிட அதிக லாபம் என்று யோசிக்கவில்லை. இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். பந்தயத் தரப்பு முன்கூட்டியே வெளியிட்ட உத்தேச ஆட்ஸில் (லாப விகிதப் பட்டியலில்) ஃபேவரிட் ஸாண்டன். கேட் திறக்கும்போது எபிசென்டர். நடுவில் குதிரைகள் மாறவில்லை, பணம் மாறியது. டோட் முறையில் கட்டிய பணம் எல்லாம் ஒரே தொகுப்பில் சேர்கிறது. எதன்மேல் அதிகம் விழுகிறதோ அதுதான் ஃபேவரிட். அந்த உத்தேச ஆட்ஸ்கூட, ஜனங்கள் எப்படிக் கட்டுவார்கள் என்ற கணிப்புதான்.

* * *

மேலே எழுதியவரின் கதையைப் படித்ததும் எனக்கு அமெரிக்காவின் இன்னொரு பெரிய பந்தயமான பெல்மான்ட், 2004-இல் நடந்தது ஞாபகம் வந்தது. ஸ்மார்ட்டி ஜோன்ஸ். எட்டு பந்தயம், எட்டிலும் வெற்றி. டெர்பியை ஜெயித்து, அடுத்த பந்தயமான பிரீக்னஸை 11½ லெங்த்தில் ஜெயித்திருந்தது. 1978-க்குப் பிறகு டிரிபிள் கிரவுன் (ஒரே வருஷத்தில் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றிலும் வெற்றி) வாங்கும் குதிரை இதுதான் என்று நான் ஒருத்தரோடும் வாதாடாமல் ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் மறுத்துப் பேச ஒருத்தரும் இல்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் நேரில் வந்திருந்தார்கள்.

பெல்மான்ட் ஒன்றரை மைல். அந்த மூன்று வயதுக் குதிரைகள் அதற்கு முன் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. நடுவழியில் மற்ற ஜாக்கிகள் ஸ்மார்ட்டியை மூச்சுவிட விடவில்லை. ஒன்று மாற்றி ஒன்று பக்கத்தில் வந்து நெருக்கின. அதுவும் நெருக்கிய எல்லாவற்றையும் உதறிவிட்டு கடைசி நேர்வழிக்கு மூன்று நாலு லெங்த் முன்னால் வந்தது. முடிந்தது என்று எழுந்து நின்றேன். கடைசி 100 கஜத்துக்குள் பேர்ட்ஸ்டோன் வந்து ஒரு லெங்த்தில் ஜெயித்தது. 36-க்கு 1. அரங்கம் அடங்கிப்போனது. ஜெயித்த ஜாக்கி எட்கர் பிராடோவே வருத்தம் தெரிவித்தார்.

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. இன்றைக்கும் அந்தக் குதிரை தோற்றதாக என்னால் நினைக்க முடியவில்லை. கூட்டத்தின் நம்பிக்கை குதிரைக்குப் பாரமாகிறது என்பார்களே, அது வெறும் பேச்சில்லை. எல்லா ஜாக்கிகளும் தோற்கடிக்க வேண்டிய குதிரை எது என்று தெரிந்துதான் ஏறுகிறார்கள்.

* * *

நான் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை பார்க்கிறவன். அங்கே கணக்கே வேறு. அது எடைச் சமன் பந்தயம். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைவு. ஆக, நல்ல குதிரை என்று தெரிந்ததற்கான விலையை அது முதுகிலேயே சுமக்கிறது. 3200 மீட்டருக்கு!

2015-இல் ஜப்பானிலிருந்து வந்த ஃபேவரிட்டைத்தான் நம்பினேன். ஜெயித்தது பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ்: 100-க்கு 1, எடை 53 கிலோ, முதல் தடுப்பு (உள்வேலியை ஒட்டிய தொடக்க இடம்). ஏறியவர் மிஷெல் பெயின். அந்தக் கோப்பையை ஜெயித்த முதல் பெண் ஜாக்கி. அந்த முதல் தடுப்பைச் சீட்டெடுத்துக் கொடுத்தவர் அந்தக் குதிரையைப் பராமரித்த அவருடைய அண்ணன் ஸ்டீவி. நான் தோற்ற பந்தயம்தான். ஆனால் என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுஒளிபரப்பைக் காட்டியது அந்தப் பந்தயத்தை மட்டும்தான்.

* * *

எல்லோரும் ஃபேவரிட் தோற்றதையே எழுதுகிறோம், இது நியாயமில்லை. 2013-இலிருந்து 2018 வரை ஆறு டெர்பியிலும் ஃபேவரிட்தான் ஜெயித்தது. அதற்கு முன்னால் 1980-இலிருந்து 1999 வரை இருபது வருஷம் ஒன்றுகூட இல்லை. 2013-இல் டெர்பியில் ஓடும் தகுதிக்குப் புள்ளி முறை வந்தது. முன்பு குறுந்தூரப் பந்தயங்களில் சம்பாதித்த பரிசுத்தொகையும் கணக்கில் வந்ததால் வெறும் வேகக் குதிரைகள் உள்ளே வந்து ஆரம்பத்தைக் கெடுத்தன. அது குறைந்ததும் ஃபேவரிட்டுகளுக்கு வழி கிடைத்தது என்பது என் எண்ணம். 2022-இல் முன்னால் பறந்த சம்மர் இஸ் டுமாரோ அமெரிக்கப் பந்தயங்கள் வழியாக அல்ல, துபாய்ப் பந்தயம் வழியாகத் தகுதி பெற்றது என்பதையும் நோட்டுக்காரர் கவனிக்க வேண்டும்.

* * *

நோட்டுக்காரன்தான். துபாய் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி, எழுதிக்கொண்டேன்.

ரிச் ஸ்ட்ரைக்குக்குப் பிறகு இரண்டு நாள் முன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டேன். 2023-இல் பந்தயத்தன்று காலையில்தான் உட்கார்ந்தேன். ஃபோர்ட்டே, உத்தேச ஆட்ஸில் ஃபேவரிட், காரணம் ஒரு பக்கம். எழுதி மூடிய கொஞ்ச நேரத்தில், முன்னங்காலில் அடி என்று அதை விலக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அடியில் "ஓடவில்லை, கால்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.