கிளப்பின் ஃபீல்டு டேவுக்கு வெளியாட்களை வரவைப்பது எப்படி?

புதுப்பொறுப்பு:
வணக்கம் நண்பர்களே. போன வருடம் எங்கள் அமெச்சூர் ரேடியோ கிளப் (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள் நாங்கள்) ஃபீல்டு டே என்று பூங்காவில் ஒரு நாள் முழுக்க ரேடியோ நிலையம் போட்டது. மரத்துக்கு மரம் டைபோல் என்ற கம்பி ஆன்டெனா கட்டி, பேட்டரியிலேயே ரேடியோ செட்டை ஓட்டினோம். மூன்று வாரம், ரேடியோவிலேயே கூடிப் பேசும் எங்கள் நெட்டில் அறிவித்தோம், நம் குழுக்களில் எல்லாம் பகிர்ந்தோம், நோட்டீஸும் ஒட்டினோம். முப்பது பேர் வந்தார்கள். அதில் கால்சைன் (லைசென்ஸோடு கிடைக்கும் அழைப்புக் குறி) இல்லாதவர்கள் நாலே பேர், அந்த நாலில் இரண்டு பேர் உறுப்பினர்களின் வீட்டார்.

இந்த முறை விளம்பரப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆறு வாரம் கையில் இருக்கிறது. போன வருட நோட்டீஸில் இருந்தது இது: "அமெச்சூர் ரேடியோ ஃபீல்டு டே. எச்எஃப், விஎச்எஃப், சிடபிள்யூ, டிஜிட்டல் செயல்விளக்கம். அனைவரும் வருக." இதில் என்ன மாற்ற வேண்டும்? வேறு எங்கெல்லாம் சொல்ல வேண்டும்?

அச்சுமை:
நெட்டில் சொன்னால் ரேடியோ வைத்திருப்பவர்தான் கேட்பார். அதனால் வந்ததும் அவர்களே. பத்திரிகைகளின் உள்ளூர்ச் செய்திப் பிரிவுக்கு எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்: என்ன, எங்கே, எப்போது, கட்டணம் உண்டா, யாரைக் கேட்பது. பத்து நாள் முன்னால் அனுப்பிவிட்டு மறுநாள் போன் போட்டு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். அந்தப் போன்தான் முக்கியம்.

டிட்டா:
தம்பி, உங்கள் நோட்டீஸைப் படித்ததும் எங்கள் பழைய நோட்டீஸ் ஞாபகம் வந்துவிட்டது. ஏறக்குறைய அதே வரிகள். மூன்று வருடம் அதையே ஒட்டினோம்.

மூன்றாம் வருடம் ஒரு நூலக வாசலில் நான் பசை தடவிக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா மகளோடு நின்று முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "இதுக்கு நாங்க வரலாமா?" என்று கேட்டார். "அனைவரும் வருக" என்ற வரி அவர் கண்ணெதிரே இருந்தது. அதற்கு மேல் இருந்த எச்எஃப், சிடபிள்யூ எல்லாம் சேர்ந்து, இது தெரிந்தவர்களுக்கான கூட்டம் என்று அவரிடம் சொல்லியிருந்தன. அன்று இரவே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். முதல் வரி: "உங்கள் பெயரை மோர்ஸில் தட்டிப் பாருங்கள்." அமெச்சூர் ரேடியோ என்ற சொல்லே மூன்றாவது வரியில்தான் வந்தது.

அந்த வரிக்காக இரண்டு மேஜைகளைப் பத்தடி தள்ளிப் போட்டு, நடுவே ஒரு வயர் இழுத்து, இரண்டு பக்கமும் தட்டுவதற்குக் கீயும் ஒலிக்கப் பஸரும் வைத்தோம். அலை எதுவும் வெளியே போகவில்லை என்பதால் அதைத் தட்ட யாருக்கும் லைசென்ஸ் தேவைப்படவில்லை. நூலக வாசலில் பார்த்த அதே சிறுமி வந்தாள். அவள் பெயர் ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கும். 'ஏ' என்றால் டிட் டா, முதலில் குட்டை, அப்புறம் நீளம். அவள் அவசரத்தில் நீளத்தை முதலில் தட்டிவிட்டாள். அது டா டிட், 'என்' ஆகிவிட்டது. எதிர் மேஜையில் பென்சிலோடு இருந்த பையன் 'என்' என்று எழுதித் தூக்கிக் காட்டினான். அவள் கீயிலிருந்து விரலை எடுத்து, உதட்டுக்குள்ளேயே "டிட்... டா" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மறுபடி தட்டினாள். இந்த முறை சரி. அந்தப் பையன் தாளைத் திருப்பிக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அவரவர் பெயரைப் புள்ளியும் கோடுமாக எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தனுப்பினோம். ஒரு மணி நேரத்தில், அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வேறு பிள்ளைகள் வழி கேட்டு வந்தார்கள்.

பத்திரிகைக்குப் படம் அனுப்பும்போது ஆன்டெனா படத்தைத் தவிர்த்துவிடுங்கள். நமக்கு அது அழகு, மற்றவர்களுக்கு அது ஒரு கம்பம். நாங்கள் இரண்டு வருடம் டவர் படம் அனுப்பினோம், வெளிவரவில்லை. அப்புறம் கீ மேல் ஒரு குழந்தையின் கை இருக்கும் படத்தைப் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு அனுப்பினோம், வந்தது.

இன்னொன்று. வந்தவர் நின்று பார்க்கும்போது நம் ஆட்கள் எல்லாரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால், அவர் அப்படியே நடந்துவிடுவார். ஸ்பீக்கரில் விடுங்கள். ஆபரேட் செய்யாத ஒருவர் மேஜைக்கு முன்பக்கம் நிற்கட்டும், அன்றைக்கு அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

புதுப்பொறுப்பு:
ரொம்ப நன்றி ஐயா. "கடல் தாண்டி யாரோடும் பேசலாம்" என்று முதல் வரி போடலாம் என்றிருந்தேன். மோர்ஸ் வரியே மேல் என்று தோன்றுகிறது. ஆனாலும் வருபவர்களை மைக்கில் பேச வைக்க ஆசை. செய்யலாமா?

மேலேபார்:
அது நாட்டுக்கு நாடு மாறும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்து கட்டுப்படுத்தினால் விருந்தினர் பேசலாம் என்று பல நாடுகளில் அனுமதி உண்டு, சில இடங்களில் கிடையாது. சாரணர்கள் பல வருடமாக நடத்தும் ஜம்போரி ஆன் தி ஏர் என்ற ரேடியோ சந்திப்பு இந்த மாதிரி அனுமதியை நம்பித்தான் நடக்கிறது. உங்கள் லைசென்ஸ் நிபந்தனைகளைப் படித்துவிட்டே நோட்டீஸில் போடுங்கள். கடல் தாண்டிப் பேசுவதை வாக்குறுதியாகத் தர வேண்டாம். சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்தால் போதும், பகல் பக்கத்தில் சிற்றலை முழுக்க அடங்கிவிடும். அன்று வந்தவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும்.

நேரம் சொல்லி அழைக்க ஒன்று உண்டு: சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. தலைக்கு மேல் வந்தால் பத்து நிமிடம் வரை கேட்கும். அதில் உள்ள ரிப்பீட்டரை (தரையிலிருந்து வரும் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) 437.800 மெகாஹெர்ட்ஸில் கைரேடியோவும் சின்ன கை ஆன்டெனாவும் வைத்தே பிடித்துவிடலாம். நிலையம் வேகமாகப் போவதால், டாப்ளர் விளைவால் அலைவரிசை நகரும், கூடவே திருப்பிக்கொண்டே போக வேண்டும். ரிப்பீட்டர் சில நாட்களில் அணைந்திருக்கும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். 1983-ல் விண்வெளி வீரர் ஓவன் கேரியட் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து ஹாம்களோடு, அதாவது நம்மைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களோடு, பேசியதில் தொடங்கிய வழக்கம் இது. பத்திரிகைக்காரருக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆறு வாரம் முன்பே கணக்கிட்ட நேரம் பிசகும். மெல்லிய காற்று இழுப்பதால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அவ்வப்போது அதை உந்தி உயர்த்துவார்கள். அதனால் அச்சிடும் நோட்டீஸில் நிமிடக் கணக்கு வேண்டாம். இரண்டு நாள் முன்பு புதிதாகக் கணக்கிட்டு, அந்த நேரத்தைத் தனியாக வெளியிடுங்கள்.

புதுப்பொறுப்பு:
இப்படி எழுதியிருக்கிறேன்: "உங்கள் பெயரை மோர்ஸில் தட்டிப் பாருங்கள். தலைக்கு மேல் போகும் விண்வெளி நிலையம் வழியாக வரும் குரல்களைக் கேளுங்கள். எங்கள் அமெச்சூர் ரேடியோ கிளப் பூங்காவில் ஒரு நாள் நிலையம் போடுகிறது. முன்அனுபவம் தேவையில்லை. கட்டணம் இல்லை."

டிட்டா:
அருமை தம்பி. எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் "எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்" என்று ஒரு வரி இருந்தால், அந்த அம்மா மாதிரி ஒருவர் தயங்காமல் வருவார்.