பயமுறுத்தும் ஆட்டம்: என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

கரும்புக்காட்டான்
அடுத்த மாதம் இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் குழுவுக்கு ஒரு திகில் ஆட்டம் நடத்துகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதையாட்டம். விதிகள், கடலடிப் பூதம் ஒன்றின் பெயரில் வந்த 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தினுடையவை. களம் காபிரியேல் தீவு, 1856. இப்போது கட்டமரானில் போய்க் கோழி சுட்டுத் தின்றுவிட்டு வருகிறோமே, அதே தீவுதான். அந்த ஆண்டு கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களில் காலரா இருந்ததால் கூலிகளை ஊருக்குள் விடாமல் அங்கே இறக்கிவிட்டார்கள். கூரை போதாது, தண்ணீர் போதாது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் வேறு ஏதோ ஒன்றும் கரையேறியிருக்கிறது என்பது என் கற்பனை. நடுவில் ஒரு கூலிப்பெண் மேல் அம்மன் இறங்குகிற காட்சி உண்டு. இறங்கியது அம்மன் இல்லை என்று பிறகுதான் தெரியும்.

குழுவில் ஒருவர், "என்னென்ன வரும் என்று பட்டியல் கொடு, வேண்டாததை அடித்துத் தருகிறோம்" என்கிறார். மறுத்துவிட்டேன். பயப்படத்தான் வருகிறார்கள். எதற்குப் பயம் என்று கேட்டு, அதையே எடுத்துவிட்டு ஆட்டம் நடத்தினால் மிச்சமிருப்பது கணக்குப் பாடம். மறுப்பவர்கள் வாருங்கள்.

மழைக்குடை
வந்துவிட்டேன். 'டென் கேண்டில்ஸ்' என்ற இன்னொரு திகில் ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? பத்து மெழுகுவத்தி ஏற்றிவைத்து இருட்டில் உட்காருவது. பகடை உருட்டலில் தோற்றால் ஒன்று அணையும். காற்றில் தானாக அணைந்தாலும் கணக்குதான், மறுபடி ஏற்றக் கூடாது. கடைசி வத்தி அணையும்போது எல்லாப் பாத்திரமும் செத்தாக வேண்டும். இது ரகசியமே இல்லை, விதியிலேயே இருக்கிறது. முடிவு தெரிந்தும் பாதி வத்தி போன பிறகு எங்கள் மேசையில் யாருக்கும் குரல் எழும்பவில்லை. கியூர்பிப் மழையில் ஒருமுறை ஆடிப் பாருங்கள். தெரிந்தால் பயம் போய்விடும் என்கிறீர்களே, எங்கே போனது?

கரும்புக்காட்டான்
சாவோம் என்று தெரியும். எதனால், எப்படி என்று தெரியாது. என்னிடம் கேட்பது அந்த 'எப்படி'யை.

ஒலாண்டா94
நான் தம்பி பக்கம். 1994 பிப்ரவரியில் ஒலாண்டா புயல் அடித்தபோது உங்களில் பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டீர்கள். கம்பங்கள் விழுந்து ஊர் இருட்டில் கிடந்தது. அந்த இருட்டில்தான் தூனி மினுவி கிளம்பினான். நடுராத்திரியில் அம்மணமாக வருகிறான், ஓநாயாக மாறுகிறான், கூரைமேல் தாவுகிறான் என்று பேச்சு. ஆண்கள் தடியோடு தெருமுனையில் காவல் நின்றோம்.

இதில் ஆட்டம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் இருக்கிறது. அவனைப் பார்த்தவர் எப்போதும் வேறு எங்கோதான் இருந்தார். எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த தெரு மாமியின் தம்பி பார்த்தாராம். மாமியைக் கேட்டால், இல்லை, அவர் கூட வேலை செய்பவர் பார்த்தது. ஆளுக்கு ஒரு முகத்தை அவரவரே வைத்துக்கொண்டார்கள். நம் ஆட்டங்களில் என்ன நடக்கிறது? முதல் அரைமணியிலேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்தி எத்தனை கை, எத்தனை பல் என்று வர்ணிக்கிறார்கள். எதிரில் இருப்பவன் உடனே கேட்கிறான்: "அதுக்கு ஹிட் பாயின்ட் எவ்வளவு?" எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு வந்துவிட்டது, அங்கேயே முடிந்தது கதை. கூரைத் தகரத்தில் ஒரு சத்தம் போதும். பட்டியலில் 'தகரச் சத்தம்' என்று எழுதிக் கொடுப்பீர்களா?

அகல்விளக்கு
அண்ணா, நீங்கள் தடியோடு வெளியே நின்றீர்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள், உள்ளே இருந்தோம். அந்தப் பயத்தில் யாருக்கும் ஒரு சுகமும் இல்லை. என் அக்கா இன்றைக்கும் கரண்ட் போனால் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். அவளை இந்த மேசையில் உட்காரவைத்துத் தகரத்தைத் தட்டுவீர்களா, ஒரு வார்த்தை கேட்காமல்?

அடுத்தது அம்மன். எங்கள் வீட்டில் தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் உண்டு. சாமி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைக் கடைசியில் கடலடிப் பூதத்தின் வேலை என்று முடித்தால் எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். எழுந்து போய்விடுவேன். மேலும் அவை கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்கள். நம் அம்மன் எந்தத் துறைமுகத்தில் ஏறினாள்?

கரும்புக்காட்டான்
கடைசிக் கேள்வி நல்ல அடி, அக்கா. மதராஸிலிருந்து பிழைக்கப் போய்க் கல்கத்தாவில் மாட்டியவள் என்று வைத்திருக்கிறேன்.

எபேன்_மதுரைக்காரன்
ஊருக்குப் புதுசு, குறுக்க பேசுறேன். எங்க பக்கம் முனி பேரை வெச்சு யாரும் விளையாட மாட்டாங்க. இங்கயும் மினிஸ் பிரின்ஸ்னு அவர் இருக்காரே. அவரை மட்டும் உள்ள இழுக்காதீங்க சாமி.

பகடைக்கணக்கு
இரண்டு பக்கமும் விதியைப் பார்க்காமல் பேசுகிறீர்கள்.

கதுலுவில் மனநிலைப் புள்ளிக்கு நூறுபக்கப் பகடை. உருட்டியது புள்ளிக்கு மேலே போனால் இழப்பு. இப்போதைய ஏழாம் பதிப்பில், ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் அறிவுக்கு ஓர் உருட்டல். அதில் ஜெயித்தால்தான் புத்தி பேதலிக்கும்! தோற்றவன் பிழைத்தான், பார்த்தது என்னவென்று அவனுக்குப் புரியவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி. ஆனால் பயப்படுவது பாத்திரம். உருட்டியவன் கையில் சமோசா இருக்கிறது.

'ட்ரெட்' என்ற ஆட்டம் அப்படி இல்லை. பகடையே கிடையாது, மரக்கட்டைக் கோபுரம். ஆபத்தான எதைச் செய்தாலும் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் யார் கையில் சரிகிறதோ அவர் பாத்திரம் முடிந்தது. நடுங்குவது நிஜ விரல். அதே ஆட்டத்தில் தொடக்கத்திலேயே ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். "தம்பியை ஏன் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்கினாய்?" என்கிற மாதிரி. பதில் எழுதியவரே தன் பயத்தை நடத்துபவர் கையில் கொடுத்துவிடுகிறார். ஆக, முன்னால் கேட்பதால் பயம் குறையும் என்பது தப்பு.

கரும்புக்காட்டான்
அது பாத்திரத்திடம் கேட்கும் கேள்வி. ஆடுகிறவருக்கு எக்ஸ் அட்டை வைக்கிறேன். மேசை நடுவில் இருக்கும், தொட்டால் காட்சி நிற்கும், காரணம் கேட்க மாட்டேன். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மழைக்குடை
நம்மவர்கள் நாலு பேர் எதிரில் அந்த அட்டையைத் தொடுவார்களா? "பயந்தாங்கொள்ளி" என்று ஒருவன் சிரிப்பானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அட்டை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது அடிபட்ட பிறகு போடும் மருந்து.

நீங்கள் பட்டியலின் திசையையே மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். உங்களிடமிருந்து அவர்களுக்குப் போக வேண்டாம், அவர்களிடமிருந்து உங்களுக்கு வரட்டும். கோடு, திரை என்று இரண்டு வரி. கோடு என்றால் ஆட்டத்தில் வரவே கூடாது. திரை என்றால் நடக்கலாம், காட்டக் கூடாது. தனித்தனியாக வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. தீவில் என்ன இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

ஒலாண்டா94
எல்லாரும் 'குழந்தை சாகக் கூடாது' என்று எழுதிவிட்டால்? காலரா வந்த கப்பலில் குழந்தைகள் சாகாமல் இருந்தார்களா? செத்தவர்களை மறைத்துவிட்டு 1856 என்று பெயர் எதற்கு? சும்மா ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளலாமே.

அகல்விளக்கு
அதற்குத்தான் திரை, அண்ணா. இரவில் ஒரு தாய் பிள்ளையோடு படுக்கிறாள். காலையில் கரையோரம் தனியாகத் துணி அலசிக்கொண்டிருக்கிறாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. முகத்தைக் காட்டாதே என்று பாடம் நடத்தியது நீங்கள்தானே? கோடு என்றே எழுதுகிறவர் இருந்தால், அவருக்கு இந்த ஆட்டம் வேண்டாம், அடுத்ததுக்கு வரட்டும். அதைச் சொல்லவாவது முதலில் கேட்க வேண்டும்.

ஒலாண்டா94
அந்தத் தாய் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. நான் வருவேன், எதையும் எழுதித் தர மாட்டேன். தம்பி இஷ்டப்படி பயமுறுத்தட்டும்.

பகடைக்கணக்கு
வெறும் தாள் அனுப்புவதும் ஒரு பதில்தான் அண்ணா.

கரும்புக்காட்டான்
சரி, இரண்டு வரி வாங்கிக்கொள்கிறேன். தீவைப் பற்றி ஒரு சொல்லும் வெளியே வராது. அம்மன் காட்சியை எடுக்கவில்லை, மாற்றுகிறேன். இறங்குவது அம்மனேதான், பூதம் இல்லை. அவள் சொல்வதெல்லாம் நடக்கும். பெயர் பெயராகச் சொல்லப் போகிறாள். அக்கா, இப்போது வருவீர்களா?

அகல்விளக்கு
வருகிறேன். ஆனால் அவள் வாயில் நீங்கள் பேசப்போகும் வசனத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள்.

கரும்புக்காட்டான்
அது முன்கூட்டியே சொல்வது ஆகாதா?

அகல்விளக்கு
ஆகும். அனுப்புங்கள்.