மறு: துமிப்பானும் விளக்கும் – சிக்கிய நாலு சொல்

நண்பர்களே,

நாம் தமிழாக்கும் ஊர்வன வளர்ப்புக் கையேட்டில் தண்ணீரும் விளக்கும் சேர்ந்து வரும் பகுதியில் நாலு சொல் சிக்கி நிற்கிறது. முதலாவது, கூண்டுக்குள் நீரைத் துளியாகத் தெளிக்கும் மிஸ்டரும் (mister) பனிபோல் மிதக்க விடும் ஃபாகரும் (fogger). போன மடலில் வந்தது இது:

> மிஸ்டர், ஃபாகர் இரண்டுக்கும் "பனிமூட்டி" என்றே வைத்துவிடலாம். இரண்டும் ஈரப்பதம் கூட்டத்தானே?

எனக்கு ஒப்பவில்லை. நோக்கம் ஒன்றுதான், தண்ணீர் போகும் வழி வேறு. மிஸ்டரில் பம்பு தண்ணீரை அழுத்தி, மயிரிழைத் துளை உள்ள முனை வழியே பீய்ச்சுகிறது. துளிகள் கூம்பாகப் பறந்து இலையில் விழுந்து திரளும். பச்சோந்தி அதைத்தான் நக்கிக் குடிக்கும். தட்டில் தேங்கிய நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஃபாகரில் ஒரு சின்னத் தகடு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து, நீரைச் சில மைக்ரான் துகளாக்கி மிதக்க விடுகிறது. முனையைத் திருப்பி வைத்தால் மிஸ்டரின் நீர் விளக்குப் பக்கம் போகாது. மிதக்கிற பனியை எந்தப் பக்கம் திருப்புவது? விளக்கு ஹோல்டரின் இடுக்கில் புகுந்து, குளிர்ந்து கிடக்கும் உலோகத்தில் வியர்த்து நிற்கும்.

ஆகவே முன்னது துமிப்பான், பின்னது மூடுபனிக் கருவி. (துமி என்றால் சிறு நீர்த்துளி.)

இரண்டாவது, நானே செய்த தவறு. வரைவில் விளக்குக்கு "நீர்புகா" என்று எழுதிவிட்டேன். மூலத்தில் இருந்தது ஐபிஎக்ஸ்4, அதாவது ஒரு கருவி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதற்கான குறி. ஐஇசி 60529 என்ற சர்வதேச மின்கருவித் தரத்தில் அந்த 4, எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவதற்கு 7 வேண்டும். நீர்புகா என்று படித்தவர் விளக்கைக் கூண்டுக்குள்ளேயே மாட்டி, முனையை நேரே அதன்மேல் திருப்பிவிடுவார். 4-க்குத் "தெறிநீர் தாங்கி", 7-க்கு "மூழ்குநீர் தாங்கி" என்று பிரிக்கலாம். "நீர்புகா"வைத் தனியாக எங்கும் விடவேண்டாம்.

மூன்றாவது டிரிப் லூப். "சொட்டு வளையம்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். வளையம் என்றால் ஒயரைச் சுருட்டி வைப்பார்கள். இங்கே வேண்டியது சுருட்டல் இல்லை. பிளக்குக்குப் போகும் ஒயர், சாக்கெட்டுக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, அப்புறம் மேலேற வேண்டும். கூண்டின் மேலிருந்து ஒயரோடு ஒட்டி இறங்கும் துளியை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தாழ்ந்த இடம் வந்ததும் நின்றது, பின்னால் வந்ததைச் சேர்த்துக்கொண்டு பருத்தது, கீழே விழுந்தது. ஏறவில்லை. ஒயர் நேரே இறங்கியிருந்தால் அது சாக்கெட்டுக்குள் போயிருக்கும். வடிதொங்கல் என்கிறேன்.

நாலாவது, பம்பு நின்ற பிறகும் முனையில் சொட்டுவது. என் கூண்டில் நடந்தது: விளக்கு அணைந்த பிறகே பம்பு ஓடும்படி டைமர் வைத்திருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. பம்பு நின்றதும் விளக்கு எரியும். தண்ணீர்த் தொட்டியைக் கூண்டுக்கு மேலே வைத்ததுதான் கோளாறு. பம்பு நின்றாலும் தண்ணீர் தானே இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் சூடேறிய ஹாலோஜன் மேல் ஒரே ஒரு சொட்டு. 'டிக்'. விளக்கின் முன்கண்ணாடியில் வேர் விட்டதுபோல் விரிசல். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குமிழ் 250 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் திடீர்க் குளிர்ச்சியைத் தாங்கும், வெளிக்கண்ணாடி தாங்கவில்லை.

"மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்று சும்மாவா சொன்னார்கள்? இதற்குத் தூவானம் என்றே வைக்கலாமா?

---

> இதற்குத் தூவானம் என்றே வைக்கலாமா?

வேண்டாம். தூவானம் காற்றில் அடித்து வருவது. முனையில் சொட்டுவது நேரே கீழே விழுவது. துமிக்கும் மூடுபனிக்கும் அவ்வளவு பிரித்துப் பேசிவிட்டு, பழமொழி கிடைத்ததும் இங்கே கோட்டை விட்டீர்கள். "பின்சொட்டு" போதும். அப்புறம், கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிடி-க்கும் சொல் வேண்டும். வடிதொங்கல் தோற்றால் ஆளைக் காப்பது அதுதான்.

---

சரி, பின்சொட்டு. பழமொழி ஆசையில் சறுக்கிவிட்டேன். ஆர்சிடி-க்குக் கசிவு வெட்டி. திருத்திய பத்தி இது:

"துமிப்பானை விடியலில், விளக்கு எரியும் முன்பே ஓட்டி முடியுங்கள். பகலில் ஓட்ட வேண்டுமானால் விளக்கை அணைத்து, கண்ணாடி ஆறும்வரை பொறுங்கள். பின்சொட்டு நின்ற பிறகே மறுபடி போடுங்கள். தொட்டி முனைகளைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கூண்டுக்குள்ளோ துமி படும் இடத்திலோ உள்ள விளக்கு தெறிநீர் தாங்கியாகவாவது இருக்க வேண்டும்; அப்போதும் முனையை அதன்மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு ஒயருக்கும் வடிதொங்கல் விடுங்கள். எல்லாவற்றையும் 30 மில்லி ஆம்பியர் கசிவு வெட்டி வழியே இணையுங்கள்."

"கசிவு வெட்டி" காதுக்கு எப்படி இருக்கிறது? எனக்குக் கொஞ்சம் முரடாகத்தான் படுகிறது, ஆனால் "மின்கசிவுத் துண்டிப்புக் கருவி" என்று ஒவ்வொரு தடவையும் எழுத என்னால் ஆகாது.